குழம்பின் மேல் விழுந்த பழி

மாமா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏளா, குழம்புல என்னத்தப் போட்டே?"

"வழக்கமாப் போடுறதுதான் மாமா."

"அதான் கேக்கேன்," என்றார்.

மாமா என் கணவரின் அப்பா. அன்றைக்கு எனக்கு விடுமுறை, வைத்தது ஊளி மீன் குழம்பு. அதே சட்டியிலிருந்துதான் நானும் என் கணவரும் சாப்பிட்டோம். எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதை எடுத்துச் சொல்லிப் பயனில்லை. "உங்களுக்கு இளவயசு, கல்லத் தின்னாலும் செரிக்கும்" என்பார். ஐம்பதை நெருங்கும் என்னை இளவயசு என்று சொல்கிற ஒரே மனிதர் அவர்தான். அதையும் என் மேல் பழி போடத்தான் சொல்வார்.

அவருக்கு வயிறு சரியில்லாமல் போய் மாதக்கணக்காகியிருந்தது. விடியும்போதே வயிற்றைப் பிசைய ஆரம்பிக்கும். கட்டிலுக்கும் கழிவறைக்குமாக நடப்பார். ஒவ்வொரு முறை கதவைத் திறந்து வெளியே வரும்போதும் அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். பத்து மணிக்கு மேல் அடங்கிவிடும். மத்தியானம் சாப்பிடுவார், சாயங்காலம் நடக்கப் போவார், மறுநாள் காலையில் திரும்பவும் அதே கதை. ஆள் பாதியாக இளைத்துவிட்டார். பேண்ட் இடுப்பில் நிற்காமல் வேட்டிக்கு மாறியிருந்தார்.

நான் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கப்பலேறப் போகிற இறாலில் கிருமி இருக்கிறதா, கழுவிய தண்ணீர் சுத்தமா, வேலை செய்கிறவர்களின் கையுறை சுத்தமா என்று நாள் முழுக்கச் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். என்னால் சரி என்று சொல்லப்பட்ட இறாலை எந்தெந்த நாட்டிலோ நம்பித் தின்கிறார்கள். என் வீட்டுக்குள் என் குழம்பை நம்ப ஆளில்லை.

கம்பெனி வேன் காலையில் சீக்கிரமே வந்துவிடும். அதற்குள் மத்தியானச் சாப்பாட்டையும் சமைத்து மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். பழி விழுவதற்கு அது வசதியாகப் போயிற்று. "அவசரத்துல ஆக்கி வச்சிட்டு ஓடுதா, அது மத்தியானம் வரை கிடந்து கெட்டுப் போவுது" என்று மாமா முதலில் என் கணவரிடம் சொன்னார். பிறகு கனடாவில் இருக்கும் மகளிடம் வாராவாரம் வீடியோ காலில் சொன்னார். பிறகு சபையில் யார் நலம் விசாரித்தாலும் சொன்னார்.

கடைசியில் சபைப் பெண்கள் ஜெபம் பண்ண வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மாமாவை நடுவில் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றி நின்றார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. முடிக்கும் தறுவாயில் ஓர் அம்மா குரலை உயர்த்தி, "இந்த வீட்டில் சமைக்கிற கைகளைச் சுத்திகரியும் ஆண்டவரே" என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன். வேறென்ன செய்ய? அந்தக் கைகளால்தான் அவர்களுக்கு வடையும் காப்பியும் கொடுத்தேன். ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் என் கணவர் பேச்சைத் தொடங்கினார். துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர், சண்டை பிடிக்காதவர். எதையும் கேள்வியாகத்தான் கேட்பார்.

"பேசாம வேலைய விட்டுட்டா என்ன?"

"யாரு வேலைய?"

"உன் வேலையத்தான். அப்பாவுக்குச் சூடா ஆக்கிப் போட்டா சரியாயிரும்லா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரிசோதனைக் கூடத்தில் தட்டு கழுவும் வேலையில் சேர்ந்து, படித்து, அதன் பொறுப்பாளராக வந்தவள் நான். அதை ஒரு மனிதரின் வயிற்றுக்காக விட வேண்டுமாம். "காரணம் தெரியாம நான் எதையும் விடமாட்டேன்" என்றேன். "சரி, காரணத்தக் கண்டுபிடி" என்றார், ஏதோ என்னைச் சமாதானப்படுத்துவதுபோல. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

முதலில் மீனைச் சந்தேகப்பட்டேன். சூரை மீன் கொஞ்ச நேரம் வெயிலில் கிடந்தாலும் சிலருக்கு ஆகாது. அதை நிறுத்தினேன். பிறகு மீனையே நிறுத்தினேன். தூத்துக்குடியில் மீனில்லாத வீடாக எங்கள் வீடு ஆனது. என் கணவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாழைக்காய்ப் பொரியலைத் தின்றார். மாமாவின் காலைகளில் மாற்றமில்லை.

அடுத்து பால். வயதானால் சிலருக்குப் பால் செரிக்காது. நிறுத்திப் பார்த்தேன். குடிதண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். பிறகு சர்க்கரை நோய் மாத்திரை. சிலருக்கு அந்த மாத்திரையே வயிற்றைக் கெடுக்கும் என்று டாக்டர் சொல்லி, மெதுவாகக் கரைகிற மாத்திரைக்கு மாற்றினார். மலப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தோம். கிருமி ஒன்றும் இல்லை. ரத்தத்தில் பொட்டாசியம் என்கிற உப்புச் சத்து மட்டும் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். அதோடு ஒன்று கேட்டார்.

"வேற சத்து மாவு, நாட்டு மருந்து, லேகியம்னு ஏதாவது எடுக்கீங்களா ஐயா?"

"ஒண்ணுமில்ல டாக்டர். வீட்டுச் சாப்பாடுதான்," என்றார் மாமா. 'வீட்டுச் சாப்பாடு' என்னும்போது என் பக்கம் தலையைச் சாய்த்தார். டாக்டரும் என்னைப் பார்த்தார். அவரும் சபைப் பெண்களோடு சேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஆனால் 'ஒண்ணுமில்ல' என்பது பொய். என் கணவர் வாங்கிக் கொடுத்த புரோட்டீன் பவுடரைத் தினமும் குடித்துக்கொண்டிருந்தார். பாலிலிருந்து எடுக்கிற பவுடர் அது. பாலை நிறுத்திவிட்டு அதைக் கொடுப்பதில் என்ன அர்த்தம்? டப்பாவைத் தூக்கி மேலே வைத்தேன். வயிற்று உப்புசம் கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான்.

ஒன்றை மறைத்தவர் இன்னொன்றையும் மறைப்பார் என்று அதற்குப் பிறகு அவரையே சந்தேகப்பட ஆரம்பித்தேன். சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பரோட்டாக் கடைக்குப் போகிறாரா? வேட்டி மடிப்பில் எண்ணெய்க் கறை தேடினேன். சட்டையை முகர்ந்து பார்த்தேன். புருஷன் சட்டையைக்கூட நான் அப்படி முகர்ந்ததில்லை. ஒருநாள் தலையணைக்கு அடியில் ஒரு பொட்டலம் அகப்பட்டது. சர்க்கரை சேர்க்காத மக்ரூன். இனிப்புக்குப் பதிலாக அதில் போடுகிற பொருள்களில் சில வயிற்றை இளக்கிவிடும், எனக்கு அது தெரியும். பிடித்துவிட்டேன் திருடனை என்று துள்ளினேன். மாமாவும் ஆடிப்போனார், இனிமேல் தொடவில்லை என்றார். நிஜமாகவே தொடவில்லை. ஆனாலும் காலையில் கதவு திறந்து மூடிக்கொண்டேதான் இருந்தது.

வெறுத்துப்போய் என் அடுக்களையையே சோதித்தேன். காய் வெட்டும் பலகை, சட்டி, கரண்டி, என் கை என்று பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்து, கம்பெனியில் அனுமதி கேட்டு, இறால் மாதிரிகளோடு சேர்த்துக் கிருமி வளர்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சுத்தம். எங்கள் ஏற்றுமதிக்கூடத்தைவிடச் சுத்தம். ஓடிவந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அது இறாலுக்குப் பாக்குற டெஸ்ட்டுலா?" என்றார். அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு போடவில்லை, அவரே போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் பக்கத்து ஊரான நாசரேத்திலிருந்து அழைப்பு வந்தது. மாமாவின் தம்பி அங்கே இருக்கிறார். கோவிலில் அசன விருந்து, வந்து சில நாள் இருந்துவிட்டுப் போ என்று கூப்பிட்டார். மாமா போனார். அசனத்தில் கறிக்குழம்பும் சோறும் ஒரு பிடி பிடித்திருக்கிறார். தம்பி வீட்டில் தினமும் மீனும் கறியுமாகச் சாப்பிட்டிருக்கிறார். முதல் நாள் மட்டும் காலையில் கொஞ்சம் வயிறு போயிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கன்னத்தில் லேசாகச் சதை பிடித்துத் திரும்பி வந்தார்.

வந்து ஒருநாள் கழித்து மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். இதற்கு மேல் சாட்சி எதற்கு? "அங்கன ஒரு குத்தமும் இல்ல, இங்கன வந்ததும் புடிச்சிட்டு" என்று மாமா ஹாலில் உட்கார்ந்து போவோர் வருவோருக்கெல்லாம் சொன்னார். என் கணவர் இந்த முறை கேள்வியாகக் கேட்கவில்லை. "இந்த மாசத்தோட வேலைய நிப்பாட்டிரு," என்றார்.

மறுநாள் வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். உப்பளங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அழுதுகொண்டே யோசித்தேன். கம்பெனியில் ஒரே இறால் ஒரு தொட்டியில் தேறி இன்னொரு தொட்டியில் தேறவில்லை என்றால், நாங்கள் இறாலைக் குறை சொல்ல மாட்டோம். இரண்டு தொட்டிக்கும் என்ன வித்தியாசம் என்றுதான் பார்ப்போம். நாசரேத்தில் இல்லாமல் தூத்துக்குடியில் மட்டும் இருப்பது எது? நான். அது எல்லோரும் சொல்கிற பதில். என்னை விட்டால் வேறு எது? அதுவும் காலையில் மட்டும் வயிற்றைக் கலக்குகிறது என்றால், உள்ளே போனது மத்தியானச் சாப்பாடாக இருக்காது. முந்தின ராத்திரி உள்ளே போன ஏதோ ஒன்று.

ராத்திரி நான் அவருக்குத் தருவது இட்லியோ கோதுமை தோசையோதான். அதை முடித்ததும் குடும்ப ஜெபம். ஜெபம் முடிந்ததும் அவர் தன் அறைக்குப் போய் ஒரு கப் டீ போட்டுக் குடிப்பார். கனடா மகள் அனுப்பிய மூலிகை டீ. மகள் அனுப்பிய மின்கெட்டிலில், மகள் அனுப்பிய கோப்பையில். 'அது செரிமானத்துக்கு' என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அதை யாரும் சந்தேகப்படவில்லை. மகள் அனுப்பியதை மருமகள் எப்படிச் சந்தேகப்படுவது?

அன்றைக்குச் சாயங்காலம் அவர் நடக்கப் போனதும் விரிப்பு மாற்றுகிற சாக்கில் அறைக்குள் போனேன். அலமாரியில் டீப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. நாசரேத்துக்கு அவர் ஒன்றையும் எடுத்துப் போகவில்லை போலிருக்கிறது. பெட்டியின் முன்பக்கம் பச்சை இலைப் படமும் ஒட்டிய வயிறுள்ள ஒரு பெண்ணின் படமும் இருந்தன. பின்பக்கம் பொடி எழுத்து. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். புதினா, சோம்பு, அதிமதுரம் என்று ஏதேதோ இருந்தது. எல்லாவற்றுக்கும் முதலாவதாக ஒரு பெயர்: சென்னா.

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. சென்னா என்றால் நிலாவாரை. சாத்தான்குளம் பக்கம் மானாவாரிக் காட்டில் விளைகிற செடி. இலையைக் காயவைத்து மூட்டை கட்டி எங்கள் துறைமுகத்திலிருந்துதான் கப்பலேற்றுகிறார்கள். பேதிக்குக் கொடுக்கிற இலை என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இங்கிருந்து கப்பலில் போன இலை, பொடியாகி, பைக்குள் புகுந்து, ஒட்டிய வயிற்றுப் பெண்ணின் படத்தோடு விமானத்தில் திரும்பி வந்து எங்கள் வீட்டு அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது.

அதோடு முடிந்திருந்தால் நான் சந்தோஷமாக ஹாலுக்கு வந்திருப்பேன். மேஜையைப் பார்த்தேன். பழைய செய்தித்தாள் ஒன்று விரித்திருந்தது. அதன் மேல் ஒரு டீப்பை கத்தரிக்கப்பட்டு, உள்ளே இருந்த தூள் பரப்பி வைக்கப்பட்டிருந்தது. இலைத் துணுக்கெல்லாம் ஒரு பக்கம், காம்பும் தூசியும் இன்னொரு பக்கம்.

மாமா அப்படி ஏற்றுமதி செய்கிற ஒரு சரக்குக் கிட்டங்கியில் நிலாவாரைத் தரம் பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இலையைக் கசக்கி முகர்ந்தாலே எந்தக் காட்டு இலை என்று சொல்வார் என்று என் கணவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு இது தெரியாமல் போனது என்று சொன்னால் நம்புவேனா? தெரிந்திருக்கிறது. தினமும் தெரிந்தேதான் குடித்திருக்கிறார். நான் பாலையும் மீனையும் நிறுத்தியபோதும், சபைப் பெண்கள் என் கைகளுக்காக ஜெபித்தபோதும் தெரிந்திருக்கிறது.

அவர் திரும்பி வரும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே வந்தவர் என்னைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், கட்டிலில் உட்கார்ந்தார்.

"இது என்ன இலை மாமா?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன. நம்ம ஊர்ச் சரக்குதான. காம்பு ஜாஸ்தி. ரெண்டாந்தரம்."

"தெரிஞ்சுமா குடிச்சீங்க?"

"முதல்ல மலச்சிக்கல்னு சொன்னேன், அனுப்புனா. கேட்டுது. பொறவு நிப்பாட்டலாம்னு பாத்தேன். ஞாயித்துக்கிழமை போன் பண்ணுனா முதக் கேள்வியே 'அப்பா டீ குடிக்கீங்களா'ன்னுதான். வேற ஒண்ணும் கேக்க அவளுக்கு நேரமில்ல. பெட்டி தீந்தா அடுத்தது அனுப்புதா. வேண்டாம்னு சொன்னா அனுப்பமாட்டா."

"குடிக்காமக் குடிச்சேன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"புள்ளைட்ட எப்படிப் பொய் சொல்ல?"

"என்னைப் பத்தி மட்டும் பொய் சொல்லலாமா? ஊரெல்லாம் என் பேரக் கெடுத்தீங்களே. நான் வேலைய விடப்போறேன் மாமா, தெரியுமா?"

அவர் விரலால் செய்தித்தாளின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"அவ அங்க இருக்கா. அவளப் பத்தி ஒரு வார்த்த சொன்னா, போனும் நின்னு போவும். நீ இங்கன இருக்கே. உன்ன என்ன சொன்னாலும் மறுநா காலையில எந்திச்சு எனக்குச் சோறு பொங்கத்தான் செய்வே."

அதைக் கேட்டு எனக்கு அழுகை வரவில்லை, அத்தனை கோபம். அவர் என்னைப் பற்றி உயர்வாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு சொன்னார் என்பதுதான் இன்னும் கோபம். எழுந்து அடுக்களைக்குப் போய் அவருக்கு இரண்டு இட்லி எடுத்து வைத்தேன். அவர் சொன்னது சரியாகிவிட்டதே என்று அந்த இட்லியைத் தூக்கி எறியலாம்போல் இருந்தது.

அன்றைக்கே டாக்டரிடம் போனில் பேசினேன். இதைத் தொடர்ந்து குடித்தால் குடல் சொந்தமாக வேலை செய்வதை மறந்துவிடும், உப்புச் சத்து குறைந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கும் என்று திட்டினார். மருந்தும் உணவுமுறையும் சொன்னார். பெட்டிகளை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மாமாவிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் மகளிடமும் மகனுக்கு எதிரிலும் என் சமையலைப் பற்றிச் சரியாகச் சொல்ல வேண்டும். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலையும் நான் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்தோம். வயிறு அதற்குள் கொஞ்சம் அடங்கத் தொடங்கியிருந்தது. சுக்கு வெந்நீர் போட்டு அதே கனடாக் கோப்பையில் ஊற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். என் கணவர் பக்கத்தில் இருந்தார். மகள் திரையில் வந்தாள்.

"அப்பா, டீ குடிக்கீங்களா?"

மாமா கோப்பையைத் தூக்கிக் காட்டினார். அவள் சிரித்தாள்.

"வயிறு எப்படி இருக்கு? மைனி இன்னும் அதே சமையல்தானா? மைனி, அப்பாவுக்குக் கண்டதையும் குடுக்காதீங்க."

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. எந்த இலை, எந்தக் காடு, எத்தனாந்தரம் என்பது வரை சொல்லியிருப்பேன். மாமா கழுத்தைத் திருப்பி என்னை அண்ணாந்து பார்த்தார். பயந்துபோயிருந்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர்தான் திரும்பிப் பேசினார்.

"மக்ளே, மைனி சமையல்ல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் கண்டதையும் குடிச்சு வயித்தக் கெடுத்துக்கிட்டேன். இனிமே அவ கையால குடுக்கது மட்டுந்தான்."

"டீயும்தானப்பா?"

"அதையும் அவதான் போட்டுத் தாரா."

என் கணவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மறுநாள் காலையில் நான் சமைத்து மூடி வைத்துவிட்டு வேனுக்குக் கிளம்பியபோது, வேலையைப் பற்றி அவர் கேள்வியாகக்கூட ஒன்றும் கேட்கவில்லை.

பெட்டிகள் இப்போதும் கனடாவிலிருந்து வருகின்றன. மாமா ஒரு பையைக் கத்தரித்துத் தரம் பார்த்துவிட்டு, மிச்சத்தை அப்படியே என்னிடம் கொடுத்துவிடுகிறார். கொடுத்துவிடுகிறார் என்றுதான் நினைக்கிறேன். ராத்திரி அந்தக் கோப்பையைக் கழுவப் போடும்போது, தண்ணீரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.